சுவர் இருக்கு, பெயிண்ட் இருக்கு, கூலி எங்கே? மலையக நகரச் சுவர்களும் நம் ஓவியர்களும்

மழைக்கோடு:

வணக்கம் எல்லோருக்கும். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன கிழமை எங்கள் பக்கத்து உள்ளூராட்சிச் சபை ஒன்றில் கூப்பிட்டார்கள். எந்தச் சபை என்று கேட்காதீர்கள், நாளைக்கும் அந்த வழியாகத்தான் நான் ஸ்கூலுக்குப் போக வேண்டும். பஸ் நிலையத்துக்கு மேலே பெரிய பாதுகாப்புச் சுவர் ஒன்று இருக்கிறது. 60 அடி நீளம், 9 அடி உயரம். நகரை அழகுபடுத்தும் வேலையாம். சந்தோசமாகத்தான் போனேன். பெயிண்ட் தருவார்கள், பகல் சாப்பாடு தருவார்கள், கடைசியில் மேடை போட்டுச் சான்றிதழ் தருவார்கள். கூலி எவ்வளவு என்று கேட்டேன். அறையில் இருந்த மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒருவர் சிரித்துக்கொண்டே, "டீச்சர், இது உங்க ஊருக்குச் செய்ற சேவைதானே" என்றார்.

அந்தச் சுவரைப் பூசிய மேசன் பாஸுக்குக் கூலி உண்டு. அதன் அடியில் தண்ணீர் ஓடக் கான் வெட்டியவருக்கு உண்டு. திறப்பு விழாவுக்கு வரும் வெற்றிலைத் தட்டுக்குக்கூட வவுச்சர் உண்டு. படம் கீறுகிறவருக்கு மட்டும் சேவை.

மட்டக்களப்பில் சுவாமி விபுலானந்தா அழகியற் கற்கைகள் நிறுவனத்தில் என்னோடு கட்புலக் கலை படித்த மலையகப் பிள்ளைகள் ஐந்து பேர். மூன்று பேர் சித்திர டீச்சர். ஒருவன் கட்டாரில். இன்னொருத்தி சாமத்திய வீட்டு மேடை அலங்காரம் செய்கிறாள், எங்களில் அதிகம் சம்பாதிப்பது அவள்தான். நகரச் சுவரில் வேலை செய்து, அதற்குக் காசு வாங்கி வாழ முடியுமா? வெளிநாட்டு நகரங்களில் இதற்குத் தனித் திட்டமே இருக்கிறது என்கிறார்கள். இங்கே யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா?

காமன்திடல்:

தங்கச்சி, கோபப்படாமல் கேளுங்க. பெயிண்ட் தருகிறார்கள் என்றாலே பெரிய விசயம். இப்போது ஒரு வாளி விற்கிற விலைக்கு நாமாக வாங்கிக் கீற முடியுமா? முதல் சுவரைச் சும்மா செய்து கொடுங்க. பஸ்ஸில் போகிற ஆயிரம் பேர் பார்ப்பார்கள். இரண்டாவது சுவருக்குக் காசு கேளுங்க.

ஊவாக்காற்று:

அண்ணே, அந்த இரண்டாவது சுவர் வரவே வராது. அனுபவத்தில் சொல்கிறேன். 2019 கடைசியில், ஜனாதிபதித் தேர்தல் முடிந்த கையோடு நாடு முழுக்க இளைஞர்கள் சுவரில் கீறக் கிளம்பினார்களே, நினைவிருக்கிறதா? எங்கள் ஊரில் நானும் இறங்கினேன். கடைக்காரர்கள் பெயிண்ட் கொடுத்தார்கள், வீட்டுக்காரர்கள் பிளேன்டீ கொடுத்தார்கள். பல இடங்களில் அரசர்களும் போர்வீரர்களுமாகவே நிறைந்ததைப் பற்றி அப்போதே விமர்சனம் எழுந்தது. எங்கள் பக்கச் சுவரில் வேறென்ன, தேயிலைக் கொழுந்துக் கூடையோடு ஒரு பெண். நான்தான் கீறினேன். அடுத்த மழைக்காலத்தில் பாதி முகம் உரிந்தது. மிச்ச முகத்தில் டியூஷன் போஸ்டர் ஒட்டினார்கள். அந்தச் சுவரைப் பார்த்து இன்றுவரை ஒருவரும் என்னைக் கூப்பிடவில்லை.

எனக்குக் காசு வந்ததெல்லாம் எல்ல என்ற சுற்றுலா ஊர்ப் பக்கத்துக் கஃபே சுவர்களில்தான். அங்கேயும் முதலில் "ரூம் தருகிறோம், சாப்பாடு தருகிறோம்" என்றே ஆரம்பிப்பார்கள். நான் சதுர அடிக்கு விலை சொல்லப் பழகிக்கொண்டேன். பாதி முன்பணம் கைக்கு வராமல் பிரஷ்ஷை நனைப்பதில்லை. வெள்ளைக்காரப் பயணி முதுகுப்பையோடு திரிகிறார், பணம் கொடுப்பவர் நம்ம ஆள். ஆனாலும் கஃபே சுவர் பொதுச் சுவர் ஆகாது. அதை எங்கம்மா பார்த்ததில்லை. 600 ரூபாய்க்குக் கோப்பி குடித்தால்தான் பார்க்கலாம்.

பிரஷ் மாமா:

நான் தலவாக்கலைப் பக்கம் 31 வருடம் போர்டு எழுதியவன். ஃப்ளெக்ஸ் வந்த பிறகு கோயில் வேலையும் லொறி வேலையும்தான். காசு கதையைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் சுவரைப் பற்றிப் பேசுவோம், யாரும் பேசவில்லையே.

டீச்சர், அது பாதுகாப்புச் சுவர் என்கிறீர்கள். அதன் முதுகில் மலை இருக்கிறது. மலையில் தண்ணீர் இருக்கிறது. வீட்டுச் சுவருக்கு மழை வெளியிலிருந்து வரும், இந்தச் சுவருக்கு உள்ளேயிருந்து வரும். எவ்வளவு விலையான வெதர்ஷீல்ட் அடித்தாலும் பின்னால் நிற்கும் ஈரம் அதைத் தள்ளும். முதலில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூக்கும். பிறகு கொப்புளம் போடும். நகத்தால் சுரண்டினால் தோசை மாதிரிக் கழன்று வரும். அப்புறம் பாசி. இரண்டு மழைக்காலம் தாங்கினால் அதிர்ஷ்டம்.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி பொலித்தீன் துண்டு ஒன்றை எடுத்து நாலு பக்கமும் டேப் ஒட்டிச் சுவரில் ஒரு நாள் முழுக்க விடுங்கள். மறுநாள் உரித்துப் பாருங்கள். உள்பக்கம் முத்து முத்தாக வேர்த்திருந்தால் அந்தச் சுவரில் நேரே கீறக் கூடாது. புதுப் பூச்சு என்றால் 28 நாள் காய வேண்டும், அதற்குப் பிறகும் சீமெந்தின் காரம் தாங்கும் அடிப்பூச்சு இல்லாமல் நிறம் அடித்தால் அது வெளுக்கும்.

காலமும் முக்கியம். ஹட்டன், வட்டவளைப் பக்கம் மே தொடங்கி செப்டெம்பர் வரை சுவரைத் தொடவே வேண்டாம், வட்டவளையில் வருடத்துக்கு 5000 மில்லிமீற்றர் தாண்டிப் பெய்கிற மழை அது. ஜனவரி, பெப்ரவரி, மார்ச் நல்லது. பண்டாரவளை, பதுளைக்காரர்களுக்கு நேர்மாறு, ஜூன் முதல் ஓகஸ்ட் வரை அங்கே வெயில். உங்களைக் கூப்பிட்டவர்கள் எந்த மாதம் சொன்னார்கள்?

மழைக்கோடு:

ஜூன், மாமா. சுற்றாடல் தினத்துக்கு முடித்துத் தரச் சொன்னார்கள் :-(

பிரஷ் மாமா:

சரிதான். குடையும் தருவார்களா என்று கேளுங்கள்.

வெள்ளிமலை:

எல்லோரும் சுவருக்கு நிறம் பேசுகிறீர்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்து மலை இறங்கியது மறந்துவிட்டதா? கண்டி, நுவரெலியா, பதுளை, மாத்தளை என்று எத்தனை இடத்தில் வீட்டோடு ஆட்களை மண் மூடியது. எங்கள் தோட்ட டிவிஷனில் இரண்டு லய வீட்டு வரிசை இன்னும் ஆட்கள் திரும்பிப் போக முடியாமல் கிடக்கிறது. சபையிடம் காசு இருந்தால் கான் வெட்டட்டும். படம் பார்த்தா பசியாறப் போகிறோம்?

காமன்திடல்:

இது நியாயமான கேள்வி. பதில் சொல்லுங்க யாராவது.

பிரஷ் மாமா:

தம்பி வெள்ளிமலை, நீங்கள் சொல்வதில் பாதியை ஏற்றுக்கொள்கிறேன். இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறேன், டீச்சர் கவனிக்க வேண்டும். பாதுகாப்புச் சுவரில் வரிசையாகக் குழாய் வாய் தெரியும் பாருங்கள், தண்ணீர் கசிவதற்கு வைத்தது. சுவரில் கீறுகிறவர்கள் பலர் படத்துக்கு அசிங்கமாக இருக்கிறது என்று அதை ஃபில்லர் வைத்து அடைத்துவிடுவார்கள். ஒரு இடத்தில் நானே பார்த்தேன், யானைக்கு நடு நெற்றியில் குழாய் வருகிறது என்று சீமெந்து போட்டு மூடியிருந்தார்கள். தண்ணீர் போக வழியில்லாவிட்டால் அந்தப் பாரம் முழுக்கச் சுவர் மேல்தான். சுவர் சரிந்தால் கீழே நிற்பது பஸ்ஸுக்குக் காத்திருக்கும் சனம். குழாயை அடைக்காதீர்கள். முடிந்தால் அதையே படத்தில் சேருங்கள், தண்ணீர் விழும் பீலியாக்குங்கள், மழை பெய்யும்போது படத்தில் நிஜமாகவே தண்ணீர் கொட்டட்டும்.

தேயிலைப்பூ:

பீலி யோசனை அருமை மாமா!

வெள்ளிமலை அண்ணாவுக்கு என் பதில். கான் வெட்டுகிற காசை எடுத்துப் படம் கீறச் சொல்லி யாரும் கேட்கவில்லை. எப்படியும் சபை பெயிண்ட் வாங்கப் போகிறது, எப்படியும் அந்தச் சுவரில் ஏதோ ஒன்று வரப்போகிறது. யார் கீறுவது, என்ன கீறுவது, கூலி உண்டா இல்லையா என்பதுதான் கேள்வி. தோட்டத் தொழிலாளருக்கு 1000 ரூபாய் நாள் சம்பளத்துக்காக 2021 வரை எத்தனை வருடம் போராடினோம்? தோட்டத்துப் பிள்ளை ஒன்று படித்து ஓவியராகி வந்தவுடன் சும்மா வேலை செய் என்றால் அதுவும் அதே கதைதான்.

எனக்கு உறுத்துவது வேறு. சென்னையில் கண்ணகி நகர் என்று ஒரு மீள்குடியேற்றக் குடியிருப்பு. நகரத்துக்குள் குடிசையில் இருந்தவர்களைக் கொண்டுபோய் அடுக்குமாடியில் வைத்த இடம். 2020 தொடக்கத்தில் அந்தக் கட்டடச் சுவர்களில் பெரிய பெரிய ஓவியம் வரைந்து கலைப் பகுதியாக்கினார்கள். போட்டோவில் பார்க்க அழகு. எனக்குப் பிடித்தது, அங்கே சில சுவர்களில் அந்த ஊர் ஆட்களின் சாயலிலேயே முகங்கள் இருந்தன. ஆனால் ஓவியர்கள் பலர் வெளியிலிருந்து வந்தவர்கள். நம் சுவருக்கும் அதுதான் நடக்கும், கொழும்பிலிருந்து ஒரு குழு வந்து மூன்று நாளில் கீறிவிட்டுப் போகும்.

கீறுவதும் என்னவாக இருக்கும்? சிரிக்கிற கொழுந்துப் பெண். நெற்றியில் பெரிய பொட்டு, காதில் ஜிமிக்கி, இஸ்திரி போட்ட சேலை. என் அம்மா மலைக்குப் போகும்போது இடுப்பில் படங்குச் சாக்கு கட்டியிருப்பார். அட்டை கடிக்காமல் இருக்கக் காலில் சவர்க்காரம் பூசியிருப்பார். முதுகில் பிரம்புக் கூடை இல்லை, நைலோன் பை. பெருவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் கொழுந்துக் கறை ஏறிக் கறுத்திருக்கும், கல்யாண வீட்டுக்குப் போகும் முதல் நாள் தேசிக்காய் போட்டுத் தேய்ப்பார், போகாது. அந்த இரண்டு விரலை 9 அடி உயரத்துக்குக் கீறுங்கள் மழைக்கோடு அக்கா. முகமே வேண்டாம்.

ஊவாக்காற்று:

2019 சுவரில் பொட்டும் ஜிமிக்கியும் வைத்தவன் நான்தான். மன்னிக்கவும் :-)

ஸ்காபரோ கொட்டகலை:

வணக்கம். நான் கொட்டகலையில் பிறந்து இப்போது ரொறன்ரோவில். ஓவியன் இல்லை, ஆனால் மகள் இங்கே போக்குவரத்துச் சமிக்ஞைப் பெட்டி ஒன்றுக்குப் படம் கீறினாள், அதனால் நடைமுறை தெரியும்.

2012 இல் ரொறன்ரோ மாநகரம் ஸ்ட்ரீட்ஆர்ட்ரொறன்ரோ என்ற திட்டத்தைத் தொடங்கியது. அது கலாசாரப் பிரிவில் இல்லை, வீதிப் போக்குவரத்துப் பிரிவில் இருக்கிறது! கிறுக்கல் அழிக்கச் செலவாகும் காசில் ஒரு பங்கைப் படம் கீறக் கொடுத்தால் என்ன என்ற யோசனைதான் அடிப்படை. மகளிடம் பழைய வேலைகளின் படம், ஒரு பக்க விளக்கம், பெட்டி நிற்கும் சந்தியைப் பற்றிய மாதிரி வரைபு கேட்டார்கள். தெரிவானபின் கூலி. பெட்டி சின்னது, நாலு பக்கம், இரண்டு மூன்று நாள் வேலை. முதன்முதலாகச் செய்கிறவர்களுக்கு அதுதான் நுழைவாயில். பிறகுதான் பாலத்தடிச் சுவர், கட்டடச் சுவர்.

இன்னொரு வழி அமெரிக்காவிலிருந்து. பிலடெல்பியாவில் 1959 இலேயே, நகரக் காணியில் கட்டடம் கட்டுகிறவர் செலவில் நூற்றுக்கு 1 வீதத்தைக் கலைக்கு ஒதுக்க வேண்டும் என்று கொண்டுவந்தார்கள். சியாட்டில் 1973 இல் தன் சொந்தக் கட்டுமானத்துக்கு அதே 1 வீதத்தைச் சட்டமாக்கியது. நம் கணக்கில் போட்டுப் பாருங்கள், சபை 5 கோடிக்கு ஒரு பஸ் நிலையம் கட்டினால் 5 இலட்சம். அந்தக் காசு தொடக்கத்திலேயே மதிப்பீட்டில் இருக்கும், கடைசியில் வந்து "சேவைதானே" என்று யாரும் சிரிக்க மாட்டார்கள். உள்ளூராட்சிச் சபைகள் 2025 மே தேர்தலோடு புதிதாக வந்திருக்கின்றன, இளம் உறுப்பினர்களும் இருக்கிறார்கள். ஒருவராவது இப்படி ஒரு தீர்மானம் கொண்டுவரக் கூடாதா?

வெள்ளிமலை:

ரொறன்ரோவில் வரிப்பணம் இருக்கு அண்ணே. இங்கே தெருவிளக்கு எரிந்தாலே தீபாவளி.

ஸ்காபரோ கொட்டகலை:

உண்மை. அதனால்தான் பெட்டியிலிருந்து தொடங்கச் சொல்கிறேன், 60 அடியிலிருந்து இல்லை.

சட்டக்கோப்பு:

சட்டம் படிக்கிறேன், கடைசி வருடம். மூன்று விசயம் சொல்லிவிட்டுப் போகிறேன், நாளைக்குப் பரீட்சை.

முதலில் சுவர் யாருடையது என்று பாருங்கள். சபை கூப்பிட்டது என்பதால் சுவர் சபையுடையது ஆகாது. ஏ7, ஏ5 போன்ற பெருவீதியோரம் என்றால் வீதி அபிவிருத்தி அதிகார சபை. ஸ்டேஷன் பக்கம் என்றால் ரயில்வே. தோட்டக் காணி என்றால் கம்பனி. கண்டி நகருக்குள் என்றால் அது 1988 முதல் உலக மரபுரிமை நகரம், இன்னும் இரண்டு கையெழுத்து கூடுதலாகத் தேவைப்படும். சுவரின் சொந்தக்காரர் எழுத்தில் அனுமதி தராவிட்டால் நாளைக்கு வெள்ளை அடித்தாலும் கேட்க நாதியில்லை. தோட்டத்துக்குள் பிரதேச சபை ஒரு சதமும் செலவழிக்க முடியாது என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். 1987 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 33 ஆம் பிரிவை வைத்து அப்படித்தான் இருந்தது, 2018 இல் திருத்திவிட்டார்கள். அதனால் அந்தச் சாக்கை ஏற்காதீர்கள்.

அடுத்தது, படம் யாருடையது? 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டத்தின்படி கூலி வாங்கினாலும் வாங்காவிட்டாலும் உங்கள் பெயரைப் போடக் கேட்கும் உரிமையும், உங்கள் பெயர் கெடும் வகையில் படத்தைச் சிதைத்தால் எதிர்க்கும் உரிமையும் உங்களுக்கு உண்டு. தேயிலைப் பெட்டியில் அந்தப் படத்தைப் போட்டு விற்க நினைத்தால் அது வேறு பேச்சு, வேறு காசு. இதை உடன்படிக்கையில் ஒரு வரியாக எழுதுங்கள்.

மூன்றாவது, எழுதுங்கள் என்பதுதான். ஒரு பக்கம் போதும். எத்தனை சதுர அடி, ஏறி நிற்க யார் சாரம் கட்டுவது, மழை பெய்யும் நாட்களை எப்படிக் கணக்கிடுவது, வரைபுக்குத் தனியாக எவ்வளவு, எத்தனை வருடத்துக்குச் சுவரை அழிக்காமல் வைத்திருப்பார்கள். வரைபைக் கொடுத்துவிட்டு வந்தால், அதை வைத்து வேறு ஒருவரைக் கொண்டு குறைந்த விலைக்கு அடிப்பது நடக்கும். நடந்திருக்கிறது.

பிரஷ் மாமா:

இப்போது காசு கதை. வருட முடிவில் சபைகள் அடுத்த வருடத்துக்குப் பொருளும் வேலையும் தருகிறவர்களிடம் வழங்குனர் பதிவு கோருவார்கள், பத்திரிகையிலும் வரும், சபை நோட்டீஸ் போர்டிலும் இருக்கும். அதில் பெயர்ப்பலகை, பதாகை, வர்ணப்பூச்சு என்ற மாதிரி வகை இருக்கும். நம் ஓவியர்கள் ஒருவரும் அந்தப் பக்கம் போவதில்லை, "நாங்கள் போர்டுகாரர்களா" என்று. நான் 12 வருடம் பதிவில் இருந்தேன். பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர்ப் பதிவு எடுங்கள், அந்தப் பெயரில் வங்கிக் கணக்கு திறங்கள், விண்ணப்பத்தோடு கட்டணம் கட்டுங்கள். பதிவில் இருந்தால் சபை உங்களிடம் விலை கேட்கலாம், இல்லாவிட்டால் அவர்களுக்கே காசு கொடுக்க வழி கிடையாது. சேவை, சேவை என்று சொல்வதில் பாதி அதனால்தான், மனம் இல்லாமல் இல்லை. மறு பாதி மனம் இல்லாததுதான்.

விலை போடும்போது சுவரைத் தொட்டுப் பாருங்கள். வழவழப்பான பூச்சில் ஒரு லீற்றர் 100 சதுர அடி போகும். கல் துருத்திய சுவரில் 60 சதுர அடிக்கே முடிந்துவிடும். உங்கள் சுவரும் அப்படி என்றால் 540 சதுர அடிக்கு ஒரு கைக்கு, அதாவது ஒரு பூச்சுக்கு, 9 லீற்றர். அடிப்பூச்சும் இரண்டு கை வெள்ளையும் சேர்த்து 27 லீற்றர், இன்னும் ஒரு கோடு கீறவில்லை.

நான் டீச்சராக இருந்தால் சுவரில் கீறவே மாட்டேன். சீமெந்து நார்ப் பலகை வாங்கி, 8 அடிக்கு 4 அடி, பள்ளிக்கூட மண்டபத்தில் வைத்து மழைக்காலம் முழுக்க நிதானமாகக் கீறுவேன். பின்பக்கமும் ஓரமும் பெயிண்ட் குடிக்க வைக்க வேண்டும், அதை மறந்தால் பலகை தண்ணீர் குடிக்கும். ஜனவரியில் வெயில் வந்ததும் சுவருக்கும் பலகைக்கும் நடுவே ஒரு அங்குலம் விட்டுப் பூட்டுவேன். சுவர் மூச்சுவிடும், குழாய் கசியும், படம் காய்ந்தே இருக்கும். நாளைக்குச் சுவரை இடித்தால் ஸ்குரூவைக் கழற்றிப் படத்தை வீட்டுக்குக் கொண்டு போகலாம்.

காமன்திடல்:

மாமா, நீங்க இவ்வளவு நாள் எங்கே இருந்தீங்க? முதல் சுவரைச் சும்மா செய்யச் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன்.

என்ன கீறுவது என்பதற்கு ஒரு வார்த்தை. மாசியில் நம் தோட்டங்களில் ரதி, மதன் கதையைக் காமன் கூத்தாக ஆடுகிறோம், எந்த நகரச் சுவரிலும் ஒரு ரதியும் மதனும் கிடையாது. முல்லோயாத் தோட்டத்தில் 1940 இல் பொலிஸ் சுட்ட தொழிலாளி கோவிந்தன், 1977 இல் டெவன் தோட்டத்தில் பொலிஸ் சுட்ட சிவனு லட்சுமணன், இவர்கள் முகம் எங்கே? 1947 இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் போன சி.வி. வேலுப்பிள்ளை நம் கவிஞர், அவரையாவது அந்த நகரத்தில் கீறலாமே.

தேயிலைப்பூ:

கோவிந்தனைக் கீறுவோம் என்றால் சபை பயப்படும் அண்ணா. முதல் வருடம் விரல், இரண்டாம் வருடம் காமன், மூன்றாம் வருடம் கோவிந்தன். படிப்படியாகப் போவோம். இன்னொன்று, படத்துக்குக் கீழே மூன்று மொழியில் எழுதும்போது தமிழை நாமே எழுதிக் கொடுக்க வேண்டும். "நகரசபை"யை "நரகசபை" என்று எழுதிய போர்டு ஒன்று எங்கள் பக்கம் ஆறு மாதம் தொங்கியது.

வெள்ளிமலை:

அது பிழை என்று யார் சொன்னது?

மழைக்கோடு:

சிரித்து முடியவில்லை. சரி, நடந்ததைச் சொல்கிறேன்.

முதலில் மாமா சொன்ன பொலித்தீன் சோதனை. சனிக்கிழமை ஒட்டினேன், ஒரு ஆட்டோத் தம்பி காவல் இருந்தான். ஞாயிறு உரித்தபோது உள்ளே தண்ணீர் வழிந்தது, வேர்வை இல்லை, வழிந்தே விட்டது. போட்டோ எடுத்துக்கொண்டேன். திங்கள் சபைக்குப் போய் அந்தப் போட்டோவை வைத்தேன். 60 அடிச் சுவர் வேண்டாம், எட்டுப் பலகை போதும், ஜனவரியில் பூட்டலாம், சுவர் வீதி அதிகார சபையுடையது என்றால் அவர்களின் கடிதம் வேண்டும், வரைபுக்குத் தனிக் கட்டணம் என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். அன்று சிரித்தவர் இன்று சிரிக்கவில்லை. வாசித்தார், இரண்டு தரம். குழாய் விசயத்தில் தொழில்நுட்ப உத்தியோகத்தரைக் கூப்பிட்டுக் காட்டினார்.

விரல் படத்தின் பென்சில் வரைபையும் தூரத்திலிருந்து காட்டினேன், கையில் கொடுக்கவில்லை. அங்கே தேநீர் கொண்டுவந்த அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, தன் விரலைப் பார்த்தார். ஓய்வு பெற்று ஐந்து வருடமாம், இன்னும் கறை இருக்கிறது.

முடிவு என்னவென்றால், "செய்யலாம், ஆனால் மூன்று கொட்டேஷன் வேணும்" என்கிறார்கள். ஒன்று என்னுடையது. மற்ற இரண்டுக்கு எங்கே போவேன்?

பிரஷ் மாமா:

என் பதிவைப் புதுப்பித்து ஒன்று தருகிறேன். உங்களைவிடக் கூட்டிப் போட்டால் உங்களுக்கு வந்துவிடும்.

சட்டக்கோப்பு:

மாமா! பொதுவெளியில் இதை எழுதாதீர்கள்!! அது குற்றம்.

மழைக்கோடு:

வேண்டாம் மாமா, நிஜ விலையே போடுங்கள். ஊவாக்காற்றும் போடட்டும். உங்களுக்குக் கிடைத்தால் நான் கோடு இழுக்க வருகிறேன், நாள் கூலிக்கு.